ஆலைக்கு ஒரு புதிய மூக்குக் கண்ணாடி

உங்கள் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா? அதில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று அறிய என்ன செய்வீர்கள்? ஏணியில் ஏறி, மூடியைத் தூக்கி, எட்டிப் பார்ப்பீர்கள். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

இப்போது ஒரு பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலையை எண்ணிப் பாருங்கள். பதினைந்து மாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு எஃகுக் கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றுள் எளிதில் தீப்பற்றக்கூடிய திரவம் கொதித்துக்கொண்டிருக்கிறது. அங்கே மூடியைத் திறந்து எட்டிப் பார்க்க முடியுமா? கோபுரத்தினுள் நடப்பதை அங்கு வேலை செய்பவர்கள் ஒருநாளும் கண்ணால் காண்பதில்லை. வெப்பநிலை, அழுத்தம், திரவமட்டம், பாயும் அளவு ஆகியவற்றை உணர்கருவிகள் அளக்கின்றன. அந்த அளவீடுகள் மின் சைகைகளாகக் கம்பி வழியே கட்டுப்பாட்டு அறைக்கு வந்து, கணிப்பொறித் திரையில் எண்களாகவும் கோடுகளாகவும் தோன்றுகின்றன. அந்த அறையில் இருப்பவருக்கு அந்தக் கோடுகள்தாம் ஆலை.

சென்ற பொங்கல் விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். ஒரு வேதிப்பொருள் ஆலையில் பொறியாளராக இருக்கிறார். காபியைக் கையில் வைத்துக்கொண்டே, “சார், ஒரு சிக்கல். பதினைந்து வருஷமா நாங்க ஆலையைப் பார்த்துக்கிட்டிருக்கிற மென்பொருளை அந்தக் கம்பெனி நிறுத்திட்டாங்க. வேற ஒண்ணு வாங்கணும். மூணு பேர் வந்து காட்டிட்டுப் போனாங்க. மூணும் பார்க்க ரொம்ப அழகா இருக்கு. எதை எடுக்கிறதுன்னு தெரியல” என்றார்.

மென்பொருள் வாங்குவது பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் வரைபடங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். இருபது ஆண்டுகளாக மாணவர்களின் செய்முறை நோட்டுகளைத் திருத்தியிருக்கிறேன். அழகான வரைகோடு எப்படியெல்லாம் ஏமாற்றும் என்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. நாங்கள் இருவரும் அன்று மாலை முழுவதும் பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பேச்சைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். ஒரு கோட்டை எப்போது நம்பலாம் என்பதே எங்கள் கேள்வி.

பேனாவிலிருந்து கணிப்பொறிக்கு

கணிப்பொறி வருமுன் ஆலைகளில் வட்டத்தாள் பதிவுக் கருவிகள் இருந்தன. தட்டு அளவுள்ள வட்டமான தாள் ஒன்றைக் கடிகாரப் பொறி நாளுக்கு ஒரு சுற்றுச் சுற்றும். அதன்மேல் மை நிறைந்த பேனா ஒன்று அழுத்தத்துக்கோ வெப்பத்துக்கோ ஏற்ப உள்ளும் புறமும் நகர்ந்து கோடு போடும். அழுத்தம் நடுங்கினால் மைக்கோடு தடித்த பட்டையாகத் தெரியும். பேனாவுக்கு எதையும் விட்டுவிடத் தெரியாது. மிக விரைவான அசைவுகளுக்கு அது கொஞ்சம் சோம்பேறி, அவ்வளவுதான்.

ஆனால் ஆயிரம் கருவிகளுக்கு ஆயிரம் தாள்கள்! யார் அடுக்கி வைப்பது? போன வருடத் தாளை யார் தேடுவது? 1980இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பாட்ரிக் கென்னடி என்ற பொறியாளர் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னாளில் ஓஎஸ்ஐசாஃப்ட் என்று பெயர் பெற்றது அது. ஆலையின் அளவீடுகளை எல்லாம் நேரத்தோடு சேர்த்துச் சேமித்து வைக்கும் பிஐ என்ற மென்பொருளை அது உருவாக்கியது. இத்தகைய சேமிப்பகத்தைப் பொறியாளர்கள் ‘ஹிஸ்டோரியன்’ என்கிறார்கள், அதாவது வரலாற்றாசிரியர். பொருத்தமான பெயர்தான். எதை எழுதுவது, எதை விடுவது என்று முடிவு செய்பவர் வரலாற்றாசிரியர் அல்லவா? இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேமிப்பது ஒரு வேலை, சேமித்ததைப் படமாகக் காட்டுவது வேறு வேலை. காட்டும் வேலைக்கு அதே நிறுவனம் தந்தது புராசஸ்புக் என்ற மென்பொருள். உலகெங்கும் எத்தனையோ ஆலைகளில் பொறியாளர்கள் இதில் தங்கள் ஆலையின் படத்தைத் தாங்களே வரைந்துகொண்டார்கள். இங்கே ஒரு கொதிகலன், அங்கே ஒரு வால்வு, பக்கத்தில் வெப்பநிலைக் கோடு என்று. 2021இல் ஓஎஸ்ஐசாஃப்ட் நிறுவனத்தைப் பிரிட்டனின் அவேவா வாங்கியது. புராசஸ்புக்குக்கு அளித்துவந்த ஆதரவு 2024 இறுதியோடு முடிந்தது. அதற்குப் பதிலாக இணைய உலாவியில் இயங்கும் பிஐ விஷன் என்பதை அந்நிறுவனமே தருகிறது. அமெரிக்காவின் சீக், பெல்ஜியத்தில் பிறந்த ட்ரெண்ட்மைனர், எவரும் மூலநிரலைப் பார்க்கக்கூடிய கிராஃபனா என்று வேறு பலவும் களத்தில் இருக்கின்றன.

ஆதரவு முடிந்தால் என்ன, ஓடுகிறவரை ஓடட்டுமே என்று நீங்கள் கேட்கலாம். ஓடும், உண்மைதான். ஆனால் அடியில் இருக்கும் இயக்க மென்பொருள் மாறும்போது இது திடீரென்று நின்றால் கேட்க ஆளில்லை. பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளிப்பட்டால் அடைக்க ஆளில்லை. ஆகவே கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும்.

ஒரு மாதம், ஒரு திரை

நான் மாணவரிடம் முதலில் கேட்டது ஒரு கணக்கு. நீங்களும் போட்டுப் பாருங்கள்.

ஓர் அழுத்தமானி நொடிக்கு ஓர் அளவீடு தருகிறது. ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். 30 நாட்களுக்கு 25,92,000 அளவீடுகள். திரையின் அகலத்திலோ 1,920 ஒளிப்புள்ளிகள்தாம். வகுத்தால் ஒரு புள்ளியின் பங்குக்கு 1,350 அளவீடுகள் வருகின்றன. அதாவது இருபத்திரண்டரை நிமிடங்களில் நடந்த அனைத்தையும் ஒரே ஒரு புள்ளி அகலத்தில் காட்டியாக வேண்டும். எப்படிக் காட்டுவது?

சராசரி எடுக்கலாம். அழுத்தம் எப்போதும் 10 அலகு என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் நள்ளிரவில் ஒரே ஒரு நிமிடம் அது 20 அலகுக்கு எகிறித் திரும்புகிறது. குழாயைப் பிளக்கக்கூடிய எகிறல். அந்த 1,350 நொடிகளின் சராசரி என்ன? மீதி 1,290 நொடிகளுக்கு 10, அறுபது நொடிகளுக்கு 20. விடை 10.44! கோட்டில் ஒரு சிறு புடைப்புகூடக் கண்ணுக்குத் தெரியாது. “இந்த மாதம் ஒன்றும் நடக்கவில்லை” என்று படம் சாதிக்கும்.

அல்லது 1,350 அளவீடுகளுக்கு ஒன்றை மட்டும் எடுத்துப் புள்ளி வைக்கலாம். அப்போது அந்த எகிறல் அகப்படுவது குலுக்கல் சீட்டுப் போலத்தான். ஏறக்குறைய 22க்கு ஒரு வாய்ப்பு.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு புள்ளி அகலத்துக்கும் முதல் அளவு, கடைசி அளவு, மிகச் சிறிய அளவு, மிகப் பெரிய அளவு ஆகிய நான்கையும் எடுத்து வரைவது. அப்போது நள்ளிரவு எகிறல் செங்குத்தான ஓர் ஊசியாக நிமிர்ந்து நிற்கும். வட்டத்தாளில் பேனா செய்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

மூன்று வழிகளிலும் வரும் படங்கள் சமமாக அழகாயிருக்கும். சொல்லப்போனால் சராசரி எடுத்த படம்தான் மற்றவற்றைவிட வழுவழுப்பாக, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும்! விற்க வருபவர் அதைத்தான் காட்டுவார். ஆகவே, “உங்களுக்குத் தெரிந்த ஓர் எகிறல் உள்ள மாதத்தை எடுத்து, மூன்று மென்பொருளிலும் முழு மாதமாக வரையச் சொல். ஊசி தெரிகிறதா பார்” என்றேன்.

ஆடும் கதவுகள்

அடுத்தது இன்னும் நுட்பமானது. படம் வரையும்போது மறைவது ஒரு வகை. அதில் பெரிதாக்கிப் பார்த்தால் எகிறல் கிடைத்துவிடும். சேமிக்கும்போதே தொலைந்தால்? எந்தக் கண்ணாடி போட்டும் பயனில்லை.

அளவீடு ஒவ்வொன்றையும் அப்படியே சேமித்து வைக்க அந்தக் காலத்தில் இடமில்லை. காந்தத் தட்டுகளின் விலை அப்படி. எனவே தேவையற்ற புள்ளிகளைக் கழிக்கப் பொறியாளர்கள் வழி தேடினார்கள். அவற்றுள் புகழ்பெற்றது ‘ஆடும் கதவு’ முறை. பாக்ஸ்பரோ நிறுவனத்தைச் சேர்ந்த பிரிஸ்டல் என்பவருக்கு 1987இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. இதை ஒரு வரைபடத்தாள், இரண்டு அடிக்கோல், இரண்டு குண்டூசி கொண்டு நீங்களே செய்து பார்க்கலாம்.

நிமிடத்துக்கு ஒன்றாக இந்த வெப்பநிலைகளைக் குறியுங்கள்: 50.0, 50.2, 49.9, 50.1, 50.3, 54.0. முதல் புள்ளிக்கு அரைப் பாகை மேலே, அதாவது 50.5இல் ஒரு குண்டூசி; அரைப் பாகை கீழே 49.5இல் மற்றொன்று. ஒவ்வொரு குண்டூசியிலும் ஒரு கோலைச் சாய்த்து வையுங்கள். கோல்கள்தாம் கதவுகள், ஊசிகள் கீல்கள். விதி ஒன்றுதான். இதுவரை வந்த எந்தப் புள்ளியும் மேல்கதவுக்கு மேலே போகக் கூடாது, கீழ்க்கதவுக்குக் கீழேயும் போகக் கூடாது. புதுப் புள்ளி வரும்போது தேவையானால் மேல்கதவை மேலே திறங்கள், கீழ்க்கதவைக் கீழே திறங்கள். ஒருமுறை திறந்த கதவை மறுபடி மூடக் கூடாது.

முதல் ஐந்து புள்ளிகள்வரை இரு கதவுகளும் வலப்புறத்தில் எங்கோ ஓரிடத்தில் சந்திக்கும்படி சாய்ந்திருக்கும். இதன் பொருள், அந்த ஐந்தையும் அரைப் பாகைப் பிழைக்குள் ஒரே நேர்கோட்டால் குறிக்கலாம் என்பது. ஆறாவதாக 54.0 வருகிறது. மேல்கதவு விருட்டென்று மேலே திறக்க வேண்டியிருக்கிறது. இப்போது கதவுகள் சந்திப்பதற்குப் பதில் விரிந்து போகின்றன. உடனே நிறுத்துங்கள். இதற்கு முந்தைய புள்ளியான 50.3ஐச் சேமித்து, அங்கிருந்து மறுபடி புதிய குண்டூசிகளுடன் தொடங்குங்கள். முதல் ஐந்து அளவீடுகளில் எஞ்சியவை இரண்டே. 50.0, 50.3. மற்ற மூன்றும் போயின, போனதில் நட்டமும் இல்லை.

எவ்வளவு அழகான தந்திரம்! ஆனால் கீல்களை எவ்வளவு தள்ளி வைப்பது என்பதை ஒரு மனிதர் முடிவு செய்கிறார். அரைப் பாகைக்குப் பதில் 2 பாகை என்று அவர் வைத்துவிட்டால், ஒரு பாகை அளவில் ஏறி இறங்கும் சிற்றலைகள் யாவும் நேர்கோடாகிவிடும். அந்தச் சிற்றலை வெறும் சத்தமாகவும் இருக்கலாம், ஒரு வால்வு இறுகிக்கொண்டு வருவதற்கான முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். இறுகிய வால்வு நகர மறுத்துப் பிறகு திடுமென்று நகரும். மறுபடி மறுக்கும், மறுபடி நகரும். அதனால்தான் அலை.

“உங்கள் ஆலையில் கீல்கள் எங்கே இருக்கின்றன?” என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அவர் சேருமுன்பே யாரோ வைத்தது. புது மென்பொருள் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. அதற்குப் பணமும் தேவையில்லை.

எட்டு மணி நேரத்தின் சராசரி

இன்று விற்கப்படும் மென்பொருள்கள் கோடு வரைவதோடு நிற்பதில்லை. கணக்கும் போடுகின்றன. சராசரி, விலகல், ‘இதே போன்ற வடிவம் முன்பு எப்போது வந்தது’ என்ற தேடல், இயந்திரம் பழுதாகுமுன் எச்சரிக்கை என்று பல. இவற்றில் மிக எளிதான சராசரியையே எடுத்துக்கொள்வோம். எளிதானதில்தான் மோசம் போவோம்.

ஒரு தொட்டி 7 மணி நேரம் 60 பாகையில் ஆடாமல் அசையாமல் இருந்தது. எட்டாவது மணியில் 90 பாகையை ஒட்டி மேலும் கீழுமாக ஆடியது. ஆடும் கதவு என்ன செய்திருக்கும்? அமைதியான 7 மணி நேரத்துக்கு 2 புள்ளிகளும், ஆட்டமான ஒரு மணிக்கு 10 புள்ளிகளும் சேமித்திருக்கும். இந்தப் 12 எண்களையும் கூட்டி 12ஆல் வகுத்தால் என்ன வரும்? 2 முறை 60, 10 முறை 90. ஆக 1,020. வகுத்தால் 85 பாகை!

உண்மையில் தொட்டி 8 மணி நேரத்தில் 7 மணி நேரம் 60 பாகையில் அல்லவா இருந்தது? நேரத்துக்கு உரிய எடை கொடுத்துக் கணக்கிட்டால் 7 பெருக்கல் 60, கூட்டல் 90, வகுத்தல் 8. விடை 63.75 பாகை. இரண்டு விடைகளுக்கும் உள்ள வேறுபாடு 21 பாகைக்கும் அதிகம். உணர்கருவியில் பிழையில்லை, சேமிப்பிலும் பிழையில்லை. புள்ளிகள் சம இடைவெளியில் இல்லை என்பதைக் கணக்குப் போட்டவர் மறந்ததுதான் பிழை. சேமிப்பகத்திலிருந்து எண்களை அட்டவணைத் தாளில் இறக்கி, கண்ணை மூடிக்கொண்டு சராசரிப் பொத்தானை அழுத்துபவர்கள் தினமும் இதைச் செய்கிறார்கள் என்று மாணவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

டெக்சஸ் சிட்டி, 2005

கோடு சரியாக வரையப்பட்டு, கணக்கும் சரியாகப் போடப்பட்டுவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு ஒரு துயரமான சான்று இருக்கிறது.

2005 மார்ச் 23. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம், டெக்சஸ் சிட்டி என்னும் ஊரில் பி.பி. நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை. அங்கே 170 அடி உயரமுள்ள ஒரு கோபுரத்தைப் பராமரிப்பு வேலைக்குப் பின் மீண்டும் இயக்கத் தொடங்கினார்கள். காலை 10 மணியை ஒட்டிக் கோபுரத்துக்குள் திரவத்தைச் செலுத்தலானார்கள். அடியிலிருந்து திரவம் வெளியேறும் வழி ஏறக்குறைய 3 மணி நேரம் மூடியே இருந்தது. உள்ளே போவது போய்க்கொண்டே இருந்தது, வெளியே ஒன்றும் வரவில்லை.

கோபுரத்தின் மட்டத்தைக் காட்டும் கருவி அடிப்பகுதியின் 9 அடி வரையே அளக்கக்கூடியது. பகல் 1 மணி 4 நிமிடத்துக்கு அது காட்டிய மட்டம் 7.9 அடி. அதுவும் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வருவதாகக் காட்டியது! அந்த நேரத்தில் உண்மையான மட்டம் சுமார் 158 அடி என்று பின்னர் விசாரணையில் கணக்கிட்டார்கள்.

உயர்ந்துகொண்டே போகும் மட்டத்தைக் கருவி எப்படிக் குறைவதாகக் காட்டியது? இங்கே நம் ஆர்க்கிமிடீஸ் வருகிறார். அந்தக் கருவியின் உள்ளே ஓர் உருளை திரவத்தில் தொங்குகிறது. திரவம் உயர உயர, உருளையின் மூழ்கிய பகுதி கூடுகிறது, மேல்நோக்கிய மிதப்பு விசையும் கூடுகிறது. அந்த விசையை அளந்து, மட்டம் இவ்வளவு என்கிறது கருவி. சரி, உருளை முழுவதுமாக மூழ்கிவிட்டால்? அதற்கு மேல் 10 அடி உயர்ந்தாலும் 100 அடி உயர்ந்தாலும் மூழ்கிய கனஅளவு மாறாது. மிதப்பு விசை இப்போது ஒன்றையே பொறுத்தது. அது திரவத்தின் அடர்த்தி. கோபுரத்தையோ சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். சூடானால் திரவம் விரியும், அடர்த்தி குறையும், மிதப்பு விசையும் குறையும்.

ஓர் எடுத்துக்காட்டுக்கு, உருளையின் கனஅளவு 1,000 கன சென்டிமீட்டர் என்றும், திரவத்தின் அடர்த்தி 0.70இலிருந்து 0.60க்குக் குறைந்தது என்றும் கொள்வோம். மிதப்பு விசை 700 கிராம் எடையிலிருந்து 600 கிராம் எடையாகிறது. பேதைக் கருவி என்ன நினைக்கும்? “முழுதாக இருந்த மட்டம் 86 விழுக்காடாகிவிட்டது” என்று நினைக்கும். அன்று நடந்தது இந்த வகைதான். அதிலும் அந்தக் கருவி வேறு அடர்த்தியுள்ள திரவத்துக்கு ஏற்ப அமைக்கப்பட்டிருந்தது.

திரையில் அந்தக் கோடு மிகத் தெளிவாகத் தெரிந்திருக்கும். மெல்ல இறங்கும் கோடு. பார்ப்பவருக்கு நிம்மதி தரும் கோடு.

1 மணி 20 நிமிடத்துக்கு வெடித்தது. கோபுரத்தின் உச்சியிலிருந்து வழிந்த திரவம் பழைய வகை வெளியேற்றக் கலத்துக்குள் பாய்ந்து, அதன் புகைபோக்கி வழியே நீரூற்றுப் போலப் பீறிட்டு, ஆவியாகித் தரையில் பரவித் தீப்பிடித்தது. 15 பேர் இறந்தார்கள். 180 பேர் காயமடைந்தார்கள். இறந்த அனைவரும் பக்கத்தில் நிறுத்தப்பட்டிருந்த தற்காலிக அலுவலக வண்டிகளிலும் அவற்றைச் சுற்றியும் இருந்த ஒப்பந்தப் பணியாளர்கள். அந்தக் கோபுரத்துக்கும் அவர்களுடைய வேலைக்கும் தொடர்பே இல்லை.

ஒரு திரையை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. ஓர் எச்சரிக்கை மணி ஒலிக்கவில்லை. கண்ணாடி வழியே மட்டம் பார்க்கும் குழாய் அழுக்கேறிக் கிடந்தது. பணியாளர்கள் பல வாரங்களாக ஓய்வுநாளின்றி நாளுக்கு 12 மணி நேரம் உழைத்துக் களைத்திருந்தார்கள். அந்தப் பழைய கலத்தை எப்போதோ மாற்றியிருக்க வேண்டும். ஆனால் அமெரிக்க வேதித்தொழில் பாதுகாப்பு விசாரணை வாரியம் 2007இல் வெளியிட்ட அறிக்கையில் நம் பொருளுக்கு நேராக ஒரு செய்தி இருக்கிறது. கோபுரத்துக்கு உள்ளே போகும் அளவும் வெளியே வரும் அளவும் ஒரே திரையில் இல்லை. இரண்டும் வெவ்வேறு திரைகளில் இருந்தன. உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கூட்டிச் சொல்லும் கணக்கும் எங்கும் இல்லை.

உங்கள் வீட்டுத் தொட்டிக்கே திரும்பி வாருங்கள். மோட்டார் மணிக்கு 1,000 லிட்டர் ஏற்றுகிறது. வீட்டில் ஒரு குழாயும் திறக்கவில்லை. 3 மணி நேரம் ஆயிற்று. “தொட்டியில் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது” என்று ஒரு கருவி சொன்னால் நம்புவீர்களா? மாட்டீர்கள். உங்கள் தங்கைகூட நம்பமாட்டாள். ஏன்? வரவும் செலவும் ஒருசேர உங்கள் மனத்தில் இருப்பதால். பொருண்மை அழியாது என்ற விதியைக் கருவியால் பொய்யாக்க முடியாது. இரண்டு கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து, வித்தியாசத்தைக் கூட்டி மூன்றாவதாக ஒரு கோடு வரைந்திருந்தால், அந்தக் கோடு 3 மணி நேரமும் மேலே மேலே ஏறியிருக்கும்.

என் மாணவர் இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எங்க பழைய மென்பொருளில் இந்த மாதிரி வரவு செலவுக் கணக்கு ஒண்ணை எங்க ஃபோர்மேன் பத்து வருஷம் முன்னாடி எழுதி வெச்சார் சார். புதுசுல அது வருமான்னு யாரும் கேட்கலையே” என்றார்.

இதுதான் மாற்றுவதில் உள்ள பெரிய ஆபத்து. புராசஸ்புக்கில் படத்தோடு சேர்த்துச் சிறு நிரல்களையும் எழுதி வைக்கலாம். பிஐ விஷனுக்கு மாற்றும்போது படங்கள் பெரும்பாலும் வந்துவிடும், அந்த நிரல்கள் வருவதில்லை. எவரோ ஒருவர், எந்த விபத்தையோ எண்ணி, ஒரு மூலையில் எழுதி வைத்த கணக்கு சத்தமில்லாமல் மறைந்துவிடும். ஆகவே புதிய மென்பொருளை மதிப்பிட உட்காரும்போது அதன் விளம்பரத் தாளை முதலில் பார்க்க வேண்டியதில்லை. பழைய படங்களில் என்னென்ன கணக்குகள் ஒளிந்திருக்கின்றன என்று பட்டியல் எடுக்க வேண்டும். பிறகு கேட்க வேண்டும்: இரவுப் பணியில் இருக்கும் இயக்குநர், நிரல் எழுதுபவரை எழுப்பாமல், தான் விரும்பும் இரண்டு கோடுகளை ஒரே பக்கத்தில் வைக்க முடியுமா? ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க முடியுமா?

சில்லறைச் சங்கதிகள்

வேறு சிலவற்றையும் பேசினோம். திறந்திருக்கிறது, மூடியிருக்கிறது என்ற இரண்டே நிலையுள்ள வால்வுக்குப் படிக்கட்டுப் போலக் கோடு வர வேண்டும். சில மென்பொருள்கள் இரு புள்ளிகளுக்கிடையே சாய்கோடு போட்டு, ஒருபோதும் நிகழாத ‘பாதி திறந்த’ வால்வைக் காட்டிவிடும். உணர்கருவியின் கம்பி அறுந்தால் கோடும் அறுந்து தெரிய வேண்டும். பூச்சியம் என்று காட்டினாலும் தவறு, கடைசி எண்ணையே இழுத்துக்கொண்டு போனாலும் தவறு. இரண்டு கணிப்பொறிகளின் கடிகாரங்கள் சில நொடிகள் வேறுபட்டால், காரணத்துக்கு முன்பே விளைவு நிகழ்ந்ததாகப் படம் சொல்லும்! ஆலையைப் பார்க்கும் மென்பொருளுக்கு ஆலையை இயக்கும் உரிமை இருக்கக் கூடாது. நாளைக்கே இந்தக் கம்பெனியும் ‘நிறுத்திவிட்டோம்’ என்றால் நம் எண்களை நாம் எளிதாக எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். விலையைப் பற்றியும் பேசினோம். அது அவர் மேலாளரின் கவலை.

இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. வந்த மூவரும் யார் என்பது இங்கே தேவையில்லை. எகிறல் உள்ள மாதத்தை வரையச் சொன்னபோது ஒன்றில் ஊசி தெரியவே இல்லை. இன்னொன்றில் ஓர் அமைப்பை மாற்றியபின் தெரிந்தது. அந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்று விற்க வந்தவருக்கே தெரியவில்லையாம். 8 மணி நேரச் சராசரியை இரண்டு சரியாகப் போட்டன. ஃபோர்மேனின் வரவு செலவுக் கணக்கை ஒன்றில்தான் அவரே அரை மணியில் எழுத முடிந்தது. அதைத்தான் எடுத்திருக்கிறார்கள். மூன்றிலும் பார்வைக்குச் சுமாரானது அது.

பழையதை உடனே அணைத்துவிடவில்லை. மூன்று மாதம் இரண்டு திரைகளும் அக்கம்பக்கத்தில் ஓடும். முதல் வாரத்திலேயே இரவுப் பணியில் இருந்த ஒரு மூத்த இயக்குநர் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். பழைய படத்தில் ஓடும் பம்புக்குச் சிவப்பு, நிற்கும் பம்புக்குப் பச்சை. மின்சாரக்காரர்களின் பழைய வழக்கம் அது. புதியதில் ஓடுவது பச்சை, நிற்பது சிவப்பு. “பகல்ல பரவாயில்லை. ராத்திரி மூணு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல என் கை எந்தப் பக்கம் போகும்னு எனக்கே தெரியாது தம்பி” என்று அவர் சொன்னாராம். நிறங்களை மாற்றி அமைத்துக்கொண்டிருக்கிறார்கள்.